வெளிச்சம் குடிக்கும் வில்லை

எங்கள் அச்சகத்துச் சாப்பாட்டு அறையில் சனிக்கிழமை மதியம் உட்கார இடம் கிடைக்காது. பசித்தவர் கூட்டம் அல்ல, கண் எரிகிறவர் கூட்டம். பகல் முழுக்கக் கணினியில் பக்கம் அமைக்கிறோம். வீட்டுக்குப் போய்ப் படுக்கையில் போன் பார்க்கிறோம். தூக்கம் வரவில்லை. ஏன் என்று யோசித்தால் காரணம் தெரிந்துவிடும். அந்த வம்பு வேண்டாம் என்றுதான், சனிக்கிழமைதோறும் அங்கே வந்து கடை விரிக்கும் ஒளி ஐயாவிடம் போனோம்.

ஒளி ஐயா வெள்ளைக் கோட்டு போட்டிருப்பார். எந்தக் கல்லூரியும் கொடுத்ததல்ல, தையற்காரர் தைத்தது. போனின் முதுகில் ஒட்ட ஒரு செப்பு வில்லை விற்பார். திரையின் கெட்ட வெளிச்சத்தை அது குடித்துவிடுமாம். வெளிச்சம் முன்பக்கம் வருகிறது, வில்லை பின்பக்கம் இருக்கிறதே என்று எவனும் கேட்கவில்லை. அப்படிக் கேட்காதவர்களில் முதல் ஆள் நான்.

இன்னும் கேளுங்கள். நான்தான் அவருடைய மாதிரிக் கை! வில்லை இல்லாத போனை ஒரு கையில் பிடித்து, மறு கையை நீட்டுவேன். ஐயா அதை அழுத்துவார்; கை தொப்பென்று விழும். வில்லையை ஒட்டிவிட்டு அழுத்துவார், இம்மியும் அசையாது. "அடேயப்பா!" என்று கூட்டம் கைதட்டும். என் வேலைக்கு இதுவரை ஒருவரும் கைதட்டியதில்லை. தலை கனத்துவிட்டது, உள்ளே ஏதும் ஏறியதால் அல்ல.

வில்லை ஒட்டியாயிற்று, இனி என்ன பயம் என்று முன்னைவிடக் கூடுதலாகப் போன் பார்த்தேன். இருந்த தூக்கமும் போயிற்று. "கெட்டது வெளியேறுது, அப்படித்தான் இருக்கும்" என்றார் ஐயா. சரிதான் என்றேன்.

அத்தோடு நின்றிருந்தால் என் கண்ணோடு போயிருக்கும். மகள் தலைவலி என்றாள், பள்ளியில் பலகை தெரியவில்லை என்றாள். அவளுடைய டேப்லெட்டிலும் ஒரு வில்லையை ஒட்டிவிட்டு, கண் டாக்டரைப் பார்க்க வாங்கியிருந்த தேதியை ரத்து செய்தேன்.

என் மனைவி மருந்துக் கம்பெனியில் தரம் பார்ப்பவள். ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்து மருந்தை நம்புகிறவள் அல்ல. அடுத்த சனிக்கிழமை மகளோடு அச்சகத்துக்கே வந்துவிட்டாள்.

"ஐயா, ரெண்டு போனையும் துணி உறை போட்டு மூடியிருக்கேன். எதுல வில்லை இருக்குன்னு இவர் கைய அழுத்திப் பாத்துச் சொல்லுங்களேன்."

"நம்பிக்கை இல்லாத எடத்துல வில்லை வேலை செய்யாதும்மா."

"நம்பிக்கைக்கு என்ன குறைச்சல்? இவர்கிட்ட மூட்டை மூட்டையா இருக்கு."

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன், யாரைச் சொன்னாள் என்று புரியாமல்.

வேறு வழியின்றி ஐயா அழுத்தினார். முதல் போனுக்குக் கை விழுந்தது. இரண்டாவதற்கு நின்றது. "இதுலதான் இருக்கு! கை பொய் சொல்லாது!"

உறைகளைக் கழற்றினாள். இரண்டிலும் வில்லை இல்லை.

"அது காலையிலேயே குப்பைக்குப் போயிடுச்சு. ஏங்க, விழ வைக்கறப்போ மணிக்கட்டுல அழுத்தறார். நிக்க வைக்கறப்போ முழங்கைகிட்ட அழுத்தறார். உங்க கைதானே, உங்களுக்கே தெரியலையா?"

தெரியவில்லை. ஐயாவோ, "போன்ல சார்ஜ் கம்மி, அதான்" என்றபடி பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டினார்.

நேராகக் கண் டாக்டரிடம் போனோம். மகளுக்குக் கிட்டப்பார்வை. "ஏன் இவ்வளவு லேட்டா கூட்டிட்டு வர்றீங்க?" என்று கேட்டவர், என் கண்ணையும் பார்த்தார்.

"திரையையே மொறைச்சுப் பாத்தா கண்ணு சிமிட்ட மறந்துடும். காயும், எரியும். அப்பப்போ தூரமாப் பாருங்க. படுக்கறப்போ போன் வேற ரூம்ல இருக்கட்டும். வெளிச்சமும் தூக்கத்தைத் தள்ளும், அதுல நீங்க பாக்கற சமாச்சாரமும் தூங்க விடாது."

கண்ணாடி வந்த அன்று மகள் துள்ளினாள். "அப்பா, பஸ்ல போட்டிருக்கறத நானே படிச்சேன்! இத்தனை நாளும் பக்கத்துல யாரையாவது கேட்டுத்தான் ஏறுவேன்." எனக்கு அழுகை வந்துவிட்டது. பெற்றவன் நான், என் அறியாமையால் பிள்ளை தடுமாறியிருக்கிறாள்.

திங்கட்கிழமை பக்கத்து மேசைக்காரர் காதருகே குனிந்தார். "சார், செப்புதான் போலியாம். வெள்ளி வில்லை ஒண்ணு புதுசா வந்திருக்காம். உங்க கை சும்மாதானே இருக்கு?"

அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். கண்ணுக்கு ஓய்வு கொடுங்கள். மூளைக்கு இதுவரை கொடுத்த ஓய்வு போதும்.