நாற்பத்தோராவது சீட்டு

மரக்காணம் தாண்டியபோது யேசுதாஸின் கால்கள் நன்றாகத்தான் இருந்தன. வயிறுதான் வேளாங்கண்ணிக்கு வர மறுத்துவிட்டது.

வயிற்றைக் குறை சொல்ல முடியாது. பாதயாத்திரை போகிறவர்களுக்கு வழிநெடுகப் பந்தல் போட்டு உபசரிக்கிறார்கள். புளியோதரை, தர்பூசணி, மோர், மறுபடி புளியோதரை. வேண்டாம் என்றால் மாதாவுக்கு வருத்தமாகிவிடும் என்று இவர் ஒரு பந்தலையும் விடவில்லை. பாட்டிலில் மோர் பிடித்துப் பையிலும் வைத்துக்கொண்டார். நாலாம் நாள் காலையில் சவுக்குத் தோப்புக்குள் ஓடியவர் மதியம்தான் வெளியே வந்தார். வழியில் சேர்ந்துகொண்ட கூட்டம் அதற்குள் ஜெபமாலை சொல்லிக்கொண்டே போய்விட்டது.

வீட்டுக்குத் திரும்பலாம். ஆனால் ராயபுரத்தில் அவருடைய பாத்திரக்கடை வாசலில் எட்டடி பேனர் நிற்கிறது. அதில் காவி வேட்டியோடு அவரே கும்பிட்டுச் சிரிக்கிறார். போதாததற்கு, நாற்பது வீட்டுக்காரர்கள் தங்கள் வேண்டுதலைச் சீட்டில் எழுதி, மாதா காலடியில் போடச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நாற்பத்தோராவது சீட்டு மனைவி ரோஸ்மேரியுடையது. சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் உள்ள புருஷனாகவே இருந்தாலும், மாதாவிடம் போகாதே என்று எந்த வாயால் சொல்வது? மூக்கை உறிஞ்சிக்கொண்டே மடித்துக் கொடுத்தாள்.

யேசுதாஸ் பஸ் பிடித்து, திருவொற்றியூரில் அக்கா டோரதி வீட்டில் போய் விழுந்தார்.

"இன்னாடா, மூஞ்சி செத்த மீனாட்டம் கீது?"

"அக்கா, ரோஸ்மேரிக்கு மட்டும் சொல்லிடாதே. மானம் பூடும்."

அக்காவின் கஞ்சியிலும் மிளகு ரசத்திலும் வயிறு இரண்டே நாளில் அடங்கியது. பொய் அடங்கவில்லை.

ரோஸ்மேரி தினமும் போட்டோ கேட்டாள். பக்கத்து எண்ணூர்க் கடற்கரையில் நின்று எடுத்து, கடலூர் என்று அனுப்பினார்.

"பின்னால புகைக்கூண்டு கீதே, நம்ம எண்ணூராட்டம்?"

"ஏன், கடலூர்ல கம்பெனியே கெடயாதா?"

அடுத்தது கொள்ளிடம். அதையும் எண்ணூர் ஆற்று முகத்துவாரத்திலேயே எடுத்தார். புகைக்கூண்டு விழாமல் பார்த்துக்கொண்டவர், பின்னால் நின்ற படகைக் கவனிக்கவில்லை.

"இன்னாங்க, படகுல முகத்துவாரக்குப்பம்னு எழுதிகீது?"

"அதுவும் வேளாங்கண்ணிக்குத்தான் போவுது!"

ரோஸ்மேரி நம்பினாள். தெருவெல்லாம் படத்தைக் காட்டினாள். மாதா இவருக்குத் துணையாகப் படகையே அனுப்பியிருக்கிறாள் என்று தெரு முடிவு செய்து, வரவேற்க பேண்டு வாத்தியத்துக்குச் சொல்லிவிட்டது.

யேசுதாஸுக்கு நிஜமாகவே பயம் வந்தது. தன் பொய்யை மாதா மன்னிப்பாள். அடுத்த வீட்டுக்காரியின் ஆபரேஷனும், எதிர்வீட்டுப் பிள்ளையின் துறைமுக வேலையும் இந்தப் பையில் அல்லவா கிடக்கின்றன? அக்கா புருஷன் ராசையாவின் காலில் விழாத குறை.

"மாமா, நீங்க போயி இத மாதா காலடியில போட்டுட்டு வந்துடுங்க."

"நான்லாம் நடக்க மாட்டேன், மச்சான்."

"ஏசி பஸ்லயே போங்க, மாமா!"

ராசையா கோயிலுக்குப் போய்ச் சேரும் நேரம் பார்த்து, இவர் வீட்டுக்குப் போன் போட்டார்.

"ரோஸ்மேரி! மாதா கோயிலுக்கு வந்து சேந்துட்டேன்!"

அல்லேலூயாவை எதிர்பார்த்தார். மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் வந்தது.

"நடந்தே சேந்துட்டீங்களா? அப்போ நான் கேட்டத மாதா காதுல போட்டுக்கவே இல்ல."

போன் கட்டாகிவிட்டது.

அவருக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. இருபத்தாறு வருஷத்தில் தனக்கென்று எதுவும் கேட்காதவள், என்ன கேட்டிருப்பாள்? அதுவும் தன்னால்தான் கெட்டுப்போனதா? டோரதி வைத்த கஞ்சி ஆறிப்போனது. அதைத் தொடாமல் உட்கார்ந்திருந்தவரை ராசையாவின் போன் எழுப்பியது.

"மச்சான், உன் மோர் பையில கொட்டி சீட்டெல்லாம் ஒட்டிகினு கீது. பிரிச்சு காயவெச்சு, நாப்பதையும் போட்டுட்டேன். உன் பொண்டாட்டி சீட்டத்தான் கையில வெச்சுகினு நிக்கிறேன். 'தாயே, என் வீட்டுக்காரர் உடம்பு தாங்காது. பாதி வழியிலேயே திருப்பி அனுப்பிவிடு'ன்னு எழுதிகீது. இதப் போடட்டா, இல்ல நன்றின்னு ஒரு மெழுகுவத்தி கொளுத்திட்டு வந்துடட்டா?"