எதிர்க்கட்சி கியர் பாக்ஸ்

துவூம்பா,
வெள்ளிக்கிழமை காலை.

பெரும் மதிப்புக்குரிய அண்ணன் நோயல் அவர்களுக்கு, தம்பி மெர்வ் பணிவுடன் எழுதுவது. இங்கே நானும் பெவ்வும் மகள் லியானும் சுகம். பல்லாரட் குளிருக்கு உங்கள் முழங்காலும் அண்ணியின் ரோஜாச் செடிகளும் தாங்குகின்றனவா? போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் நான் போனை எடுத்தால் போதும், பெவ் இஸ்திரிப் பெட்டியை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்கிறாள். அதனால்தான் ஷெட்டில் பெயின்ட் டப்பா மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். அண்ணா, நம் ஹோல்டன் மொனாரோ காருக்குள் ஃபோர்டு புகுந்துவிட்டது.

முதலிலிருந்து சொல்கிறேன். லியான் கட்டிக்கொள்ளப்போகும் ட்ராய் தங்கமான பையன், ஸ்டான்தார்ப்பில் ஆப்பிள் தோட்டம், குடி கிடையாது, கும்மாளம் கிடையாது. ஆனால் வீடு மொத்தமும் ஃபோர்டு கட்சி. அக்டோபர் கார் பந்தயத்தன்று டிவிக்கு மேல் ஹோல்டன் சிங்கக் கொடி கட்டி, வென்றால் ஆடி, தோற்றால் அழுது வளர்ந்தவர்கள் நாம். கேட்டபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. இருந்தாலும் பெற்ற மனசாயிற்றே, கல்யாணப் பெண் நம் மொனாரோவில்தான் சர்ச்சுக்கு வந்து இறங்க வேண்டும் என்று ஒரே ஒரு நிபந்தனை போட்டுவிட்டுச் சம்மதித்தேன். அதற்கு லியான், "அப்பா, இங்கேருந்து ஸ்டான்தார்ப் வரைக்கும் அந்த நாலு கியரை வச்சுக்கிட்டு வந்தா, பாதிரியார் கேக்குறதே என் காதுல விழாது. நான் எதுக்கு 'சம்மதம்'னு சொன்னேன்னு எனக்கே தெரியாது. ஆறு கியரா மாத்திடலாம்" என்றாள். நூறு கிலோமீட்டர் வேகத்தில் அந்த எட்டு சிலிண்டர் போடும் கூச்சல்தான் உங்களுக்குத் தெரியுமே. எனக்கு அது சங்கீதம், இருந்தாலும் சரி என்றேன். கியர் பெட்டி ஹோல்டனுடையதாக இருக்க வேண்டும் என்று தனியாகச் சொல்லவில்லை. சூரியன் கிழக்கே உதிக்க வேண்டும் என்று யாராவது சொல்வார்களா?

ஒரு சனி ஞாயிறில் முடிந்துவிடும் என்று ட்ராய் கம்பளியில் சுற்றிய பெட்டியைக் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு வந்தான். பழைய பெட்டியைவிட இது பெரிய உடம்புக்காரப் பெட்டி, ஆகவே காரின் தரையை வெட்டினோம், வெட்டியது போதவில்லை, இன்னும் வெட்டினோம், கடைசியில் நான் சீட்டில் உட்கார்ந்து பார்த்தால் கீழே ட்ராயின் மூக்கு தெரிந்தது. பிறகு பின்சக்கரத்துக்குப் போகும் நீளத் தண்டை அளந்து வெட்டக் கொடுக்க வேண்டும். காரைத் தூக்கி நிறுத்தியபடியே, சக்கரங்கள் தொங்க, நான்தான் அளந்தேன். "மெர்வ், இறக்கி நிக்க வச்சு அளக்கணும்ங்க" என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தான், நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காரை இறக்கினால் தண்டு நெட்டையாக நின்றது, மறுபடி வெட்டக் கொடுத்தோம். அதுவும் போகட்டும். எல்லாம் பூட்டி முடித்த அன்று, நானே வெளியே எடுக்கிறேன் என்று ஏறி உட்கார்ந்து, முப்பத்து நான்கு வருடப் பழக்கத்தில் ரிவர்ஸ் போட்டேன். பழையதில் ரிவர்ஸ் இருந்த இடத்தில் புதியதில் முதல் கியர் இருக்கிறது, அண்ணா. பின்னால் வாசலைப் பார்த்துக்கொண்டே முன்னால் பாய்ந்து, பெவ் ஊறப்போட்டிருந்த பீட்ரூட் ஜாடிகள் அத்தனையையும் அலமாரியோடு சாய்த்தேன். சட்டை, முகம், சுவர் எல்லாம் ஒரே சிவப்பு. பக்கத்து வீட்டு டுல்சி எட்டிப் பார்த்து அலறி ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணிவிட்டாள். வந்த இரண்டு பேரும் என்னைப் படுக்க வைத்து, முகர்ந்து பார்த்து, பெவ் சுட்ட பூசணி ஸ்கோன் ரொட்டியைத் தின்றுவிட்டுப் போனார்கள்.

அதற்கப்புறம் டயரில் கண்ணாடிச் சில்லு குத்தக்கூடாதே என்று டார்ச்சோடு காருக்கடியில் புகுந்தேன். பெட்டியின் வயிற்றில் வழிந்திருந்த பீட்ரூட் சாற்றைத் துணியால் துடைத்தேன். துடைக்கத் துடைக்க ஒவ்வோர் எழுத்தாக வந்தது. ஃபோர்டு!

"ட்ராய், இது என்னடா?"

"கியர் பாக்ஸ், மெர்வ்."

"யாரோட கியர் பாக்ஸ்?"

"எங்க மாமாவோட பழைய ஃபோர்டு ஃபால்கன் கார்ல இருந்தது. இப்ப உங்களோடது."

லியான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "அப்பா, கியர் பாக்ஸுக்கெல்லாம் என்ன பரம்பரை பாக்க வேண்டியிருக்கு? வெளியே தெரியவா போகுது?" என்றாள். எனக்குத் தெரியுமே! நான் அவனை ஷெட்டை விட்டுப் போகச் சொன்னேன், அவள் அவனோடு போய் நின்றாள். பெவ் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அழுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

ஆகவே அண்ணா, கப்பி, சங்கிலி, உங்கள் பெரிய ஸ்பானர் செட் எல்லாம் எடுத்துக்கொண்டு புதன்கிழமைக்குள் வந்துவிடுங்கள். கல்யாணத்துக்கு முன்னால் அந்த வஸ்துவைக் கழற்றி எறிந்து, பழைய நாலு கியரை மாட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் நான் அந்தக் காரில் ஏற மாட்டேன்; மகளைக் கைபிடித்து சர்ச்சுக்குள் அழைத்துப்போகவும் மாட்டேன். காலையில் லியான் என் முகத்தைப் பார்க்காமலே வேலைக்குப் போனாள். ஆனாலும் கொள்கை என்று ஒன்று இருக்கிறதல்லவா?

அண்ணிக்கு என் அன்பு. உங்கள் முழங்கால் மடங்கவும், அண்ணியின் ரோஜாக்கள் மலரவும், அக்டோபரில் நம் சிங்கம் முதலில் வரவும் வேண்டிக்கொண்டு,

உங்கள் தம்பி,
மெர்வ்.

பின்குறிப்பு: சனிக்கிழமை. கப்பி வேண்டாம். கல்யாணக் கோட்டு மட்டும் கொண்டு வாருங்கள்.

நேற்று இதை மடித்து வைத்துவிட்டு நிமிர்ந்தால், சர்ச்சில் பூ அலங்காரம் பேசப் போக வேண்டும் என்று பெவ் வந்து நின்றாள். அவளுடைய சின்னக் காரில் பேட்டரி இறங்கிவிட்டதாம். வேறு வழியில்லாமல் மொனாரோவை எடுத்தேன். ஊர் தாண்டி நூறைத் தொட்டதும் ஆறாவது கியரைப் போட்டேன். அண்ணா, எஞ்சின் நின்றுவிட்டதோ என்று பயந்துபோனேன். அவ்வளவு அமைதி. அந்த அமைதியில் பக்கத்திலிருந்து ஒரு குரல், "எங்கப்பாவும் இந்த ரோட்டுலதான் தன் ஃபோர்டை ஓட்டிக்கிட்டு வருவார்" என்றது.

"யாரு?"

"எங்கப்பா. சாகுற வரைக்கும் ஃபோர்டுதான். ஃபோர்டு தொப்பியோடயே புதைச்சோம்."

ஹோல்டன் கொடி பிடித்த இந்த வீட்டில், எங்கள் கல்யாணத்துக்கு முன்பே இறந்துபோன என் மாமனார் படத்துக்குத் தினமும் காலை வணக்கம் சொல்கிறேன் நான்! "இதை ஏன்டி இத்தனை வருஷம் சொல்லல?"

"தேனிலவுக்குப் போறப்ப இதே கார்ல சொன்னேன். எஞ்சின் சத்தத்துல நீ தலையாட்டிட்டு, 'ஆமா, பின் டயர்ல காத்து கம்மிதான்'னு சொன்ன. அப்புறமும் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்."

"வீட்டுல சொல்லியிருக்கலாமே?"

"வீட்டுல நீ எங்க இருந்த? ஷெட்டுலதானே இருந்த."

ட்ராயை விரட்டிய அன்று அவள் உள்ளே போய் அழவில்லையாம், வயிறு வலிக்கச் சிரித்தாளாம். வார்விக்கில் வண்டியை ஓரங்கட்டி லியானுக்குப் போன் பண்ணினேன். "அந்தப் பையனையும் கூட்டிக்கிட்டு ராத்திரி சாப்பாட்டுக்கு வாம்மா, சர்ச்சுக்குள்ள உன்னை நான்தான் கைபிடிச்சுக் கூட்டிட்டுப் போவேன்" என்றேன். அவள் அழுதாள், நானும்தான். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு, பயந்து பயந்து பெவ்விடம் கேட்டேன், "நான் கேக்காம விட்டது வேற ஏதாவது இருக்கா?"

"நிறைய இருக்கு" என்றாள்.

ஸ்டான்தார்ப்புக்கு இன்னும் அறுபது கிலோமீட்டர் இருந்தது. ஆறாவது கியரைப் போட்டுக்கொண்டு, "சொல்லு" என்றேன்.