ஏலத்துக்குப் போனார் யோகராஜ்

இனி இந்த ஜென்மத்தில் எவனுக்கும் கைகட்டி வேலை பார்ப்பதில்லை என்று இரண்டாவது காபிக்கும் மூன்றாவது காபிக்கும் நடுவில் யோகராஜ் முடிவு செய்தார். உரக்கச் சொல்லவில்லை. அடுப்படியில் மனைவி பொன்னுமணி இருந்தாள்.

பெங்களூரில் அவர் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். மிக்சியை எப்படிக் கழுவுவது, ஃபேன் சுற்றாவிட்டால் என்ன செய்வது என்றெல்லாம் ஆங்கிலத்தில் இருப்பதைத் தமிழாக்குவார். ஒரு சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருந்தால் எது சரி என்று மண்டையைப் பிய்த்துக்கொள்வார். பிய்த்த இடம் இன்னும் வெளிச்சமாகத் தெரிகிறது. பிறகு கம்பெனி ஒரு ஏ.ஐ.யை வைத்துக்கொண்டது. அது டீக்குப் போகவில்லை, தீபாவளிக்கு லீவு கேட்கவில்லை. யோகராஜுக்கு ஒரு பூங்கொத்தைக் கொடுத்து, சொந்த ஊரான போடிக்கு வழி காட்டினார்கள்.

போடியில் அவருக்குக் கிடைத்தது ஒரு சாய்வு நாற்காலி. மலையடிவாரத்து முந்தல் பக்கத்துக் காற்று நேராக அதில்தான் வந்து விழும். மிச்ச ஆயுளை அதிலேயே கழிக்க அவர் தயார். குறுக்கே வந்தது தங்கபாண்டி, பொன்னுமணியின் அண்ணன். போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டம் வைத்திருப்பவர்.

"ஆளுகளப் பாத்துக்க ஒருத்தரு வேணும் மாப்ளே. நீங்கதான் சும்மா இருக்கீகளே."

சும்மா என்ற சொல்லுக்கு எத்தனையோ அர்த்தம் உண்டு. தங்கபாண்டி சொன்னதில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

யோகராஜுக்கு மலை பிடிக்கும், கீழேயிருந்து பார்த்தால். விடியுமுன் ஜீப்பில் ஏறினால் மூன்றாவது கொண்டை ஊசி வளைவிலேயே அவர் வயிறு ராஜினாமா செய்துவிடும். அதைத் தாண்டினால் சாரல், வழுக்கல், அட்டைக்கடி.

"இங்க பாரு பொன்னு," என்றார். "எந்த வேலை நிலைக்கும், எது அழியும்னு தெரியாம இந்தக் காலத்துல கால வைக்கக் கூடாது. முறையா ஏ.ஐ.கிட்டக் கேப்போம்."

"உங்க வேலையப் புடுங்குனதே அதுதானே."

"அதனாலதான் சொல்றேன். அடுத்து எதப் புடுங்கும்னு புடுங்குனவனுக்குத்தானே தெரியும்."

பொன்னுமணி அடுப்பை அணைத்தாள். "சரி. சாயங்காலம் அண்ணனை வரச் சொல்றேன். அது சொல்றதுதான் முடிவு. அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

பொன்னுமணி இவ்வளவு சுலபமாகச் சம்மதித்ததே கிடையாது. யோகராஜுக்கு அங்கேயே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

மதியம் அவள் கடைக்குப் போன சமயம், கொல்லையில் நின்று போனை வாயருகே வைத்து ஏ.ஐ.யிடம் கிசுகிசுத்தார்.

"கேட்டுக்க. சாயங்காலம் எங்க ஆளுக உங்கிட்டக் கேப்பாக. ஏல வேலை எனக்கு ஆகாது, ஏலத்துக்கு எதிர்காலமே இல்லன்னு சொல்லணும். எவ்வளவு அழுத்திக் கேட்டாலும் பேச்சு மாறக் கூடாது."

"உறுதியாக மாற மாட்டேன்," என்றது போன்.

போடியில் ஏலக்காயை யாரும் முழுப்பெயர் சொல்லி அழைப்பதில்லை. வெறும் ஏலம்தான். அதைக் கூவி விற்பதும் ஏலம்தான். ஏலத்தையே ஏலம் விடுகிற ஊர். உள்ளூர்க்காரர்களுக்கு இதில் ஒருநாளும் குழப்பம் வந்ததில்லை.

சாயங்காலம் சபை கூடியது. முக்காலி மேல், சொம்பில் சாய்ந்தபடி போன். தங்கபாண்டி துண்டைச் சரிசெய்துகொண்டு, பேங்க் மேனேஜரிடம் பேசுவதுபோல் குனிந்தார்.

"வணக்கங்க. எங்க மாப்ளைக்கு ஏல வேலை சரிப்படுமாங்க?"

"வணக்கம். ஏல வேலை அவருக்குச் சிறிதும் ஏற்றதன்று. அத்தொழிலுக்கு எதிர்காலமும் இல்லை. கணினிகளே அதை முழுமையாக நடத்திவிடும்."

"ஏலத்தையா?" தங்கபாண்டி சட்டென்று நிமிர்ந்தார். "மழையில கம்ப்யூட்டரு நனையாதாங்க?"

"ஏலம் பெரும்பாலும் கூரைக்கு அடியில்தான் நடக்கும்."

"அது வருங்காலத்தச் சொல்லுது மச்சான்," என்று யோகராஜ் அவசரமாகக் குறுக்கிட்டார். "தோட்டத்துக்கே கூரை போட்ருவாங்க போல."

வெற்றி என்றால் அப்படியொரு வெற்றி. யோகராஜ் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தார். பஜ்ஜி போடச் சொன்னார். வந்தது. காபியில் சீனி தூக்கலாகக் கேட்டார். வந்தது. உலகத் தொழில்களின் போக்கைப் பற்றி மச்சானுக்கு விளக்கினார். மச்சான் தலையைத் தலையை ஆட்டினார். எதிரே போடிமலையும் பணிந்து நிற்பதாகத்தான் யோகராஜுக்குத் தோன்றியது.

பொன்னுமணி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "நானும் ஒண்ணு கேக்கலாமா?"

"தாராளமா. அழுத்திக் கேளு."

அவள் போனுக்கு முன்னால் சம்மணமிட்டாள். "ஏப்பு, ஏலம்னா என்னப்பு?"

"பலர் முன்னிலையில் ஒரு பொருளுக்கு விலை கூறி, அதிகம் கேட்பவருக்கு விற்பது."

வாய்க்குப் போன பஜ்ஜி பாதியில் நின்றது.

"சரிப்பு. இவரு அந்த சோலிக்குப் போக வேணாம். மலையில செடிக காய்ச்சுக் கெடக்கு. காய் எடுக்கிற ஆளுகளப் பாத்துக்கப் போனா?"

"மிகச் சிறந்த முடிவு. செங்குத்தான சரிவில், மழையில், மனிதர்களிடம் நயமாகப் பேசி வேலை வாங்குவதை எந்த இயந்திரமும் எளிதில் செய்துவிடாது. அவருக்கு நடைப்பயிற்சியும் ஆகும்."

"நம்பலாமா? பேச்சு மாற மாட்டியே?"

"எவ்வளவு அழுத்திக் கேட்டாலும் மாற மாட்டேன் என்று மதியமே உங்கள் கணவருக்கு உறுதி கூறியிருக்கிறேன்."

தங்கபாண்டி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

"அது ஏலத்தை இப்படித்தான் புரிஞ்சுக்கும்னு உனக்கு எப்படித் தெரியும்?" யோகராஜின் குரல் கொல்லைக் கிசுகிசுப்பை விடச் சன்னமாக இருந்தது.

"போன வாரம் நீங்க குளிக்கப் போனப்ப நானும் கேட்டேன்ல. ஏலம் எடுக்க எத்தன ஆளு வேணும்னேன். போட்டி போட ரெண்டு பேராவது வேணும்னுச்சு. எப்ப எடுக்கலாம்னேன். மொதல்ல முன்பணம் கட்டுன்னுச்சு." எழுந்து புடவையை உதறினாள். "அண்ணே, வெள்ளன ஜீப்ப வீட்டுக்கே கொண்டாங்க."

மறுநாள் ஜீப்பு வாசலில் உறுமியது. முன் சீட்டைத் துடைத்து வைத்திருந்தார் தங்கபாண்டி. யோகராஜ் ஸ்வெட்டர் போட்டு, மூன்றாவது வளைவுக்காக ஒரு பாலிதீன் பையை மடித்து வைத்துக்கொண்டு, போனை எடுக்கக் கையை நீட்டினார். பொன்னுமணி முந்திக்கொண்டாள்.

"மேல டவர் கெடைக்காது. இது இங்கயே இருக்கட்டும். வெரசா ஏறுங்க."

ஜீப்பு திரும்பும்போது அவர் வீட்டைப் பார்த்தார். பொன்னுமணி முக்காலியில் உட்கார்ந்து ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். எதிரே, தலையணை முட்டுக்கொடுத்து, முந்தல் காற்று வாங்கிக்கொண்டு, அவருடைய சாய்வு நாற்காலியில் சாய்ந்திருந்தது போன்.