கைசர்ஸ்லவுட்டர்னுக்கு ஓர் அர்ச்சனை

“பேர், நட்சத்திரம்?” என்று அர்ச்சனைத் தட்டை வாங்கியபடி ஐயர் கேட்டார்.

“கைசர்ஸ்லவுட்டர்ன்,” என்றார் பாலேந்திரா.

“ஆர், வெள்ளைக்காரப் பிள்ளையோ?”

“ஆள் இல்லை ஐயா. ஜேர்மனியில ஒரு உதைபந்தாட்டக் கிளப்.”

லண்டனுக்கு வந்தபின் நாய்க்கும் பூனைக்கும்கூட அர்ச்சனை செய்தவர் ஐயர். முகம் மாறவில்லை. “கிளப்புக்கு என்ன நட்சத்திரம், அண்ணை?”

பாலேந்திரா முழித்தார். “என்ரையையே சொல்லுங்கோ. பூரட்டாதி.”

மனிதரைக் குறை சொல்லாதீர்கள். மகள் கலாவதிக்குப் பேசிய மாப்பிள்ளை யோகராஜா இருந்தது அந்தக் கிளப்பின் ஊரில்தான். நல்ல வேலை, நல்ல குணம், உதைபந்தாட்டப் பைத்தியம். மண்டபம் பிடித்து, டூட்டிங் முதல் இல்ஃபோர்ட் வரை கார்டும் கொடுத்து முடிந்த பிறகு போன் எடுத்தான்.

“மாமா, எங்கடை டீம் இந்த முறை கீழ் டிவிஷனுக்கு இறங்கினால் எனக்குக் கலியாணமே வேண்டாம். அந்தத் துக்கத்தில தாலி கட்ட ஏலாது.”

பகிடி என்று நினைத்துப் பாலேந்திரா சிரித்தார். மறுமுனையில் ஒருவரும் சிரிக்கவில்லை. தொண்ணூற்றாறாம் ஆண்டு அது. டீம் பட்டியலின் அடியை நெருங்கிக் கிடந்தது. ஊரெல்லாம் கார்டு கொடுத்த கலியாணம் நின்றால் எந்த முகத்தோடு வெளியே தலைகாட்டுவது?

அந்தக் கிழமை ஆட்டம் சமநிலை.

நட்சத்திரம்தான் பிழை என்று முடிவுகட்டி, அடுத்த கிழமை மனைவி தவநாயகியின் நட்சத்திரத்தைக் கொடுத்தார். அதுவும் சமநிலை. டீம் இன்னும் ஒரு படி கீழே போனது.

“ஒரு புள்ளி கிடைச்சதுதானே, அப்பா,” என்று ஆறுதல் சொன்னாள் கலாவதி. தங்கமான பிள்ளை. ஒவ்வொரு கிழமையும் அவரைக் காரில் கோயிலுக்குக் கூட்டிவந்தவள் அவள்தான்.

பாலேந்திரா விடவில்லை. கிளப் தொடங்கிய திகதியை மாப்பிள்ளையிடம் கேட்டு வாங்கி ஐயரிடம் நீட்டினார். ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்டி உதட்டைப் பிதுக்கினார்.

“அட்டமத்துச் சனி, அண்ணை.”

எள்ளெண்ணெய் விளக்கு எரித்தார். சமநிலை. தவநாயகியை விரதம் இருக்க வைத்தார்.

“நல்ல புருஷன் கிடைக்க வேணுமெண்டு ஒரு காலத்தில விரதம் இருந்தன். அதுவும் சரிவரேல்லை. இப்ப ஆரோ ஒரு கோல்கீப்பருக்காகப் பட்டினி கிடக்கிறன்!” என்று அவள் பாத்திரங்களை உருட்டினாள்.

அதற்கும் சமநிலைதான்.

கடைசி ஆட்டம் லெவர்குசனோடு. வென்றே ஆக வேண்டும். பாலேந்திரா அங்கப்பிரதட்சணமே செய்தார். முழங்கை உரிந்தது. டீம் முதலில் கோல் போட்டது என்று கேட்டதும் துள்ளிக் குதித்தார். முடிகிற நேரத்தில் லெவர்குசன் ஒன்று திருப்பிப் போட்டது. ஒன்றுக்கு ஒன்று. டீம் இறங்கிவிட்டது.

யோகராஜா போனில் விம்மினான். “மன்னிச்சுக்கொள்ளுங்கோ மாமா. வேறை மாப்பிள்ளை பாருங்கோ.”

பாலேந்திரா நேரே கோயிலுக்கு ஓடினார்.

“உங்கடை முருகனுக்குக் கண்ணில்லையோ ஐயா? ஒரு கிழமை விடாமல் கும்பிட்டனே! ஒருக்கா எண்டாலும் வெல்ல வைச்சாரோ?”

ஐயர் திருநீற்றை அவர் கையில் வைத்தார்.

“முருகனைப் பேசாதைங்கோ, அண்ணை. நீங்கள் ஒரு டீமுக்கு அர்ச்சனை செய்விச்சு அங்காலை போக, பின்னாலை மகள் வந்து மற்ற டீமுக்குச் செய்விச்சால், அவரும்தான் பாவம் என்ன செய்யிறது?”