வெள்ளைச் சேட்டுக்காரரை வெட்டாதே

"அண்ணை, பிறேமை முதல் வாங்கிப்போட்டுப் படத்தை அதுக்குள்ளை அடக்கச் சொன்னா, நான் என்ன செய்யிறது?" என்றான் ஸ்டூடியோக்கார றயன்.

கேதீஸ்வரனின் கையில் இருந்தது எட்டுக்குப் பத்து பிறேம். போனில் இருந்த படமோ ரயில்பெட்டி மாதிரி நீளம். கொடிகாமம் சந்தையில் தேங்காய் மூட்டை சரிந்து அவர் கால் நசுங்கியபோது, வேலையை விட்டுவிட்டு, லாண்ட்மாஸ்டர் என்ற சின்ன உழவு இயந்திரத்தில் ஏறி இரத்தம் கொடுக்க ஓடியவர்கள், ஆஸ்பத்திரிக்கு முன்னால் வரிசையாக நின்ற படம். ஏழு பேர். ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு வீட்டில் ஆட்டிறைச்சிச் சாப்பாடு. அதற்குள் படம் சுவரில் ஏறவேண்டும்.

முதல் பிரதியில் இரண்டு ஓரத்திலும் ஆட்கள் இல்லை.

"ஆக்களை வெட்டாதை தம்பி!"

றயன் படத்தை நெருக்கினான். ஏழு பேரும் முருங்கைக்காய் ஆனார்கள். அவர்களில் தடித்த எமில்ராஜிடம் ஒரு சொட்டு இரத்தமும் மிச்சம் விடாமல் உறிஞ்சியதுபோல் இருந்தது.

மேலும் கீழும் வெள்ளை விட்டு முழுதாகப் போட்டான். முகங்கள் மிளகளவு.

"பன்ரெண்டுக்குப் பதினெட்டுப் போடுவம். ஓரத்திலை வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு நிக்கிற ஆள் மட்டும் போகும். ஆர் அண்ணை அவர்?"

"தெரியாது."

"பிறகென்ன, வெட்டுவம்."

"விசரே உனக்கு? பேர் ஊர் தெரியாத மனிசன் எனக்கு இரத்தம் தந்திருக்கு. மற்றவையை வெட்டினாலும் அவரை வெட்டேலாது!"

கடைசியில் பதினெட்டுக்குப் பத்து என்று தாளையே நறுக்கினார்கள். அந்த அளவில் பிறேம் எங்கும் இல்லை. தச்சரிடம் சொல்லிச் செய்வித்தார். வீட்டுக்குக் கொண்டுபோனால் அதற்கு இடமுள்ள சுவரும் இல்லை.

"உதை எங்கை கொழுவிறது?" என்றாள் மனைவி ஞானாம்பிகை.

கலியாணப் படம் கழன்றது. அவள் இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை.

ஞாயிறு ஆறு பேர் வந்தார்கள். பாரம் தூக்கிக் காய்த்த கைகள் சோற்றில் இருந்தன. கேதீஸ்வரன் படத்துக்கு முன்னால் எழுந்து நின்றார்.

"நீங்கள் ஏழு பேரும் இல்லாட்டி நான் இண்டைக்கு இல்லை. அந்த வெள்ளைச் சேட்டு ஐயாவையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாமே. பாருங்கோ, கையைத் தூக்கி என்னை ஆசீர்வதிச்சுக்கொண்டெல்லோ நிக்கிறார்!"

ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். எமில்ராஜ் எலும்பை வாயிலிருந்து எடுத்தான்.

"உவரோ அண்ணை? ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலை தன்ரை வீட்டுக் கேற்றை மறிச்சு லாண்ட்மாஸ்டரை விட்டிட்டமெண்டு, எங்களுக்கு அடிக்கக் கை ஓங்கிக்கொண்டு வந்தவர்!"