குதிரைப் பல்லும் இருநூற்றுப் பன்னிரண்டு அட்டைகளும்

மதிப்புக்குரிய நூலக ஆண்டு மலர் ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் அச்சகத்தாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். முப்பத்தோரு வருடம் நூலகத்தில் பட்டியல் தயாரித்தவன் நான். பட்டியல் போடாமல் எனக்குப் பேச வராது. ஆகவே கடிதத்தில் வரப்போவதை முதலில் வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. ஒரு பல்லால் என் குடும்பம் இரண்டான கதை.
2. இரு தரப்பு ஆதாரங்களையும் நான் அட்டையில் ஏற்றிய முறை.
3. அட்டைகளுக்கு நேர்ந்த விபத்து. இது முழுக்க முழுக்கத் தற்செயல். என் மனைவிக்குப் பண்டைய வரலாற்றில் எந்தக் கருத்தும் கிடையாது.
4. சென்ற ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் உண்மையில் நடந்தது.
5. தங்களிடம் நான் கேட்பது. (இந்த இடத்தில் எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.)

எங்கள் வீட்டு மாடியில் இருப்பவர் என் மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான். கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர். பழைய இந்தியாவுக்கு யாரும் எங்கிருந்தும் வரவில்லை, வேதமொழி இங்கேயே பிறந்தது, உலகத்தில் எங்கே எது நடந்திருந்தாலும் இங்கிருந்து போனவர்கள்தான் நடத்தியிருப்பார்கள் என்பது அவர் கட்சி. குழாயில் தண்ணீர் வரவில்லை என்று பிளம்பரைக் கூப்பிட்டால்கூட, நாலாயிரம் வருடத்துக்கு முன்பு நம்மவர்கள் கட்டிய சாக்கடையைப் பற்றி அரைமணி நேரம் பேசிவிட்டு, குழாயைக் காட்ட மறந்துவிடுவார். என் மகளின் மாமனார், அதாவது என் சம்பந்தி, மொழியியல் படித்தவர். வேதமொழி பேசியவர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள், அதற்கு முன்பே நாம் இங்கே நகரம் கட்டிக் குளித்துத் தலை துவட்டிக்கொண்டிருந்தோம் என்பது அவர் கட்சி. இருவரும் ‘நாம்’ என்று சொல்லும்போது தங்கள் மார்பைத் தொடுவார்கள். ‘அவர்கள்’ என்று சொல்லும்போது எதிரில் உட்கார்ந்திருப்பவரைப் பார்ப்பார்கள். இத்தனைக்கும் ஒருவருடைய தங்கை மகள்தான் மற்றவருடைய மருமகள். பணியில் இருந்திருந்தால், ‘நாம்’ என்ற தலைப்பை எந்த எண்ணின் கீழ் அடுக்குவது என்று கேட்டு மேலதிகாரிக்குக் குறிப்பு எழுதியிருப்பேன்.

ஏழு மாதத்துக்கு முன்பு எங்கள் வீட்டில் மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் கூடியிருந்தபோது ஒரு பல்லைப் பற்றிப் பேச்சு வந்தது. எங்கோ மண்ணைத் தோண்டியபோது கிடைத்த பல். அது குதிரையுடையது என்றால், வேதத்தில் வரும் குதிரை அப்போதே இங்கே இருந்தது என்று மச்சான் கட்சிக்குப் பலம், கழுதையுடையது என்றால் சம்பந்தி கட்சிக்குப் பலம். இருவரும் அதை நேரில் பார்த்ததில்லை. பார்த்தது புகைப்படம், அதுவும் நகலுக்கு எடுத்த நகல். என் கண்ணுக்கு அது உருளைக்கிழங்கு மாதிரி இருந்தது.

“சந்தேகமே இல்ல, குதிரைப் பல்தான்,” என்றார் மச்சான்.

“கழுதை. புத்தி இருக்கற யாரும் கழுதைன்னுதான் சொல்வாங்க,” என்றார் சம்பந்தி.

“கழுதையோடவே பழகினவங்களுக்கு எதைப் பார்த்தாலும் கழுதையாத்தான் தெரியும்.”

“ஆமாமா, இந்த வீட்டு மாடிக்கு அடிக்கடி வந்து பழகிட்டேன்.”

அவ்வளவுதான். சம்பந்தி பாதிச் சோற்றில் எழுந்தார். வெயிலில் குடையை விரித்தபடி வாசலில் நின்று, “மாடியிலேர்ந்து அவர் இறங்கி வந்து, நாலு பேர் முன்னாடி கழுதைன்னு சொல்ற வரைக்கும் எங்க வீட்டு ஆள் ஒருத்தரும் இந்த வாசப்படியை மிதிக்கமாட்டோம்,” என்று அறிவித்துவிட்டுப் போனார். அவர் வீட்டு ஆட்கள் என்றால் அதில் என் மகள் உண்டு. ஆறு வயதுப் பேத்தியும் உண்டு. ஏழு மாதமாகப் பேத்தி எனக்குத் தொலைபேசியில் மட்டும்தான். இதற்குள் அவளுக்கு முன்பல் இரண்டு விழுந்துவிட்டன. ‘தாத்தா’ என்று கூப்பிட்டால் பாதி எழுத்தும் பாதி காற்றும் வருகிறது. நாலாயிரம் வருடத்துப் பல்லை எல்லாக் கோணத்திலும் பார்த்தாகிவிட்டது. பேத்தியின் ஓட்டைப் பல்லை நான் இன்னும் பார்க்கவில்லை.

“நான் என்னப்பா செய்வேன்?” என்றாள் மகள். “அந்த மாமா பேரைச் சொன்னா இந்த மாமாவுக்கு ஆகல. இந்த மாமா பேரைச் சொன்னா அந்த மாமாவுக்கு ஆகல. நீங்களாவது ஏதாவது பண்ணுங்களேன்.” என்னிடம் யாரும் இதுவரை அப்படிச் சொன்னதில்லை. அதனால் பயந்துபோய் உண்மையிலேயே ஏதோ செய்துவிட்டேன்.

இரண்டாவது குறிப்புக்கு வந்துவிட்டோம். நம் நூலகத்தில் இருவரும் ஆளுக்கு அரைமணி நேரம் பேசுவது, நான் தலைமை வகிப்பது என்று ஏற்பாடு. ஒருவர் காகிதத்தை மற்றவர் நம்பமாட்டார் என்பதால், இருவரும் தங்கள் குறிப்புகளை மூட்டையாக என்னிடம் தந்துவிட வேண்டும். நான் அவற்றை அட்டைகளில் எழுதித் தருவேன். அட்டையில் இருப்பதை மட்டுமே மேடையில் பேச வேண்டும். நடுநிலை கெடக் கூடாதே என்று வெறும் செய்தியை வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் நீக்கினேன். மச்சானின் குறிப்புகளில் ‘சந்தேகத்துக்கு இடமின்றி’ அறுபத்தொரு இடத்தில் இருந்தது, எடுத்தேன். சம்பந்தியின் குறிப்புகளில் ‘புத்தியுள்ள எவரும்’ நாற்பத்தெட்டு இடம், எடுத்தேன். ‘நம் முன்னோர்’, ‘அவர்களுடைய சதி’ இவையும் போயின. மீதி இருநூற்றுப் பன்னிரண்டு அட்டைகள். மச்சானின் அட்டைக்கு ஓரத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டேன். சம்பந்திக்குப் பெருக்கல் குறி போடலாம் என்று நினைத்து, அவர் சொல்வது தப்பு என்று நான் சொன்னதாக ஆகிவிடுமோ என்று பயந்து, முக்கோணம் போட்டேன். பிறகு எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் பொருள் வாரியாக, அகர வரிசையில் அடுக்கினேன். ஆதாரத்தை ஆள் வாரியாக அடுக்குவது நூலக முறைக்கு விரோதம். இதுதான் நான் செய்த பெரிய பிழை என்று இப்போது தோன்றுகிறது. ஆனாலும் வேறு எப்படி அடுக்குவது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது குறிப்பு. கூட்டத்துக்கு இரண்டு நாள் இருந்தது. நான் கடைக்குப் போய்த் திரும்பி வந்தால், என் மனைவி சாப்பாட்டு மேசையை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“ஏங்க, உங்க அட்டை ஓரத்துல எல்லாம் ஒரே பென்சில் கிறுக்கல். அழிச்சு சுத்தமா வெச்சிருக்கேன்.”

“எல்லாத்தையுமா?”

“எதையும் பாதியில விட எனக்கு மனசு வராதுன்னு உங்களுக்குத் தெரியாதா?”

நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒவ்வோர் அட்டையாக எடுத்துப் படித்தேன். ‘ஆறு வற்றியது.’ ‘வண்டிச் சக்கரம், ஆரக்கால் இல்லாதது.’ ‘முத்திரை, எழுத்து இன்னும் படிக்கப்படவில்லை.’ எது யாருடையது? அந்த அறுபத்தொன்றையும் நாற்பத்தெட்டையும் எடுத்த பிறகு, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. மூட்டைகளோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கலாம். ஆனால் அட்டைக்கு வந்துவிட்ட காகிதங்களை அன்று காலைதான் பழைய பேப்பர்காரர் எடுத்துக்கொண்டு போனார், என் மனைவிதான் போட்டாள், வீடு அடைசலாக இருக்கிறதாம். இருவரிடமும் போய்ச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. சீட்டாட்டம் தெரியாத நான் முதல் முறையாகச் சீட்டுப் போட்டேன். ஒன்று மச்சானுக்கு, ஒன்று சம்பந்திக்கு, ஒன்று மச்சானுக்கு, ஒன்று சம்பந்திக்கு. ஆளுக்கு நூற்றாறு. கட்டுகளைக் கொடுத்தபோது மச்சான், “மாப்பிள்ளை, நானே மறந்துபோன ஆதாரத்தை எல்லாம் தோண்டி எடுத்திருக்கீங்களே!” என்று என் முதுகில் தட்டினார். வலித்தது.

நான்காவது குறிப்பு. தாங்கள் முதல் வரிசையில் இருந்தீர்கள், ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். மச்சான் எடுத்த எடுப்பில் ஆரக்கால் இல்லாத சக்கரத்தைத் தூக்கிக் காட்டினார் அல்லவா? ஆரக்கால் வைத்த தேர் வெளியிலிருந்து வந்தது என்பதற்குச் சம்பந்தி இருபது வருடமாகச் சொல்லிவரும் ஆதாரம் அது. மேடையில் பார்த்த பிறகுதான் எனக்கே அது ஞாபகம் வந்தது. மச்சானோ, “கெட்டிப் பலகையில செஞ்ச சக்கரம்! எவ்வளவு கனம் பாருங்க! இதை வெச்சுக்கிட்டு யார்தான் அவ்வளவு தூரம் வர முடியும்? அதனால யாரும் வரல!” என்றார். பலத்த கைதட்டல். அடுத்து சம்பந்தி, வேதத்தில் வரும் ஆறு இதுதான் என்று மச்சான் உயிராக நினைக்கும் ஆற்றை எடுத்தார். “ஆறு வத்திப்போச்சு. வத்தின ஆத்தங்கரையிலயும் வந்து உட்கார்ந்தாங்கன்னா எவ்வளவு தூரத்துலேர்ந்து களைச்சு வந்திருக்கணும்!” அதே கைகள் மறுபடியும் தட்டின. நானும் தட்டினேன். தலைவர் தட்டாவிட்டால் நன்றாக இராது.

பிறகு பல் வந்தது. பல்லைப் பற்றி இருவருமே எழுதியிருந்ததால் இரண்டு அட்டை; அவரவர் நிச்சயத்தை நான் நீக்கியதில் இரண்டிலும் ஒரே வாசகம்தான் மிஞ்சியிருந்தது. அகர வரிசையில் அடுத்தடுத்து இருந்ததால் ஆளுக்கு ஒன்று போய்விட்டது. மச்சான் அட்டையை எடுத்து உரத்த குரலில், யோசிக்காமல், படித்தேவிட்டார்: “பல். குதிரையுடையதாக இருக்கலாம். கழுதையுடையதாகவும் இருக்கலாம்.” படித்த பிறகுதான் என்ன படித்தோம் என்று தெரிந்து அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் காலி. அதற்குள் சம்பந்தி எழுந்து, “பேராசிரியர் நாலு பேர் முன்னாடி கழுதைன்னு சொல்லிட்டார்! இவ்வளவு பெரிய மனசு அவருக்கு இருக்கும்னு நான் நினைக்கவே இல்ல!” என்று கட்டிக்கொண்டார். கட்டிக்கொண்ட வேகத்தில் தன் அட்டையையும் படித்தார். அதில் குதிரையும் இருந்தது. மச்சான் என் காதில், “பார்த்தீங்களா மாப்பிள்ளை, குதிரைன்னு ஒத்துக்கிட்டார்,” என்றார். இருவரும் ஜெயித்துவிட்டார்கள். தலைமையுரையில் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று எழுந்து, “இந்த அட்டைகள்...” என்று தொடங்கினேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். நான் உருகிப்போனதாக நினைத்துச் சபை கைதட்டியது. உட்கார்ந்துவிட்டேன். வாசலில் குடையை மடக்கிக்கொண்டே சம்பந்தி சொன்னார்: “வர்ற ஞாயித்துக்கிழமை எல்லாரும் உங்க வீட்டுக்கு வர்றோம் சம்பந்தி. குழந்தை தாத்தா தாத்தான்னு உசிரை எடுக்கறா.”

இந்நிலையில், இரண்டு உரைகளையும் ‘அறிஞர் இருவர் கண்ட ஒற்றுமை’ என்ற தலைப்பில் மலரில் வெளியிடுவதாகவும், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது என்றும் தாங்கள் எழுதியிருக்கிறீர்கள். ஐயா, தவறான பட்டியலை என் கையால் நான் வெளியே விட்டதில்லை. ஆகவே நான் கேட்பது, உரைகளின் அடியில் இந்தக் குறிப்பைச் சேர்க்க வேண்டும்: ‘இரு உரைகளிலும் ஆதாரங்கள் இடம் மாறியுள்ளன. முடிவுகள் மாறவில்லை.’ மலரைச் சனிக்கிழமையே இருவருக்கும் கொடுத்துவிடுவீர்கள். படித்தவர்கள் ஆகையால் முதலில் அடிக்குறிப்பைத்தான் படிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை யாரும் வரமாட்டார்கள். பேத்திக்கு முன்பல் முளைத்துவிடும். நான் பார்க்காமலே முளைத்துவிடும். இதை நேர்மையால் கேட்கிறேனா, என்றாவது கண்டுபிடித்துவிடுவார்களே என்ற பயத்தால் கேட்கிறேனா என்று நேற்று முழுவதும் யோசித்தேன். பயத்தால்தான் என்று தோன்றுகிறது. ஆனாலும் கேட்கிறேன்.

தங்கள் மலர் பிழையில்லாமல் வெளிவரவும், தங்கள் இல்லத்தில் உள்ள பல் எல்லாம் உறுதியாக இருக்கவும் வாழ்த்தும்,

தங்கள் பணிவுள்ள,
ஓய்வு பெற்ற பட்டியலாளர்

பின்குறிப்பு: எந்தக் கடிதத்தையும் என் மனைவியிடம் காட்டாமல் அனுப்புவதில்லை. இதையும் காட்டினேன். மூன்றாவது குறிப்புக்கு வந்ததும் சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை.

“கிறுக்கல்னா நினைச்சேன்? வட்டம் எங்க அண்ணன், முக்கோணம் சம்பந்தி. ரெண்டு நாள் உட்கார்ந்து அத்தனையும் படிச்சேன். இவரோட ஆதாரம், அவரோட ஆதாரம்னு இருக்கற வரைக்கும் இவங்க ஓயமாட்டாங்கன்னு தெரிஞ்சுது. ரப்பரை எடுத்தேன். பேப்பர்காரரை வரச் சொன்னதும் அதுக்குத்தான்.”

“அப்படின்னா உன் கருத்துதான் என்ன? வெளியிலேர்ந்து வந்தாங்களா, இங்கேயே இருந்தாங்களா?”

“ஞாயித்துக்கிழமை வர்றாங்க. எனக்கு அது போதும்,” என்று சொல்லிவிட்டுக் கடைக்கு எழுத வேண்டிய சாமான் பட்டியலை என்னிடம் நீட்டினாள்.

ஆகவே அடிக்குறிப்பு வேண்டாம். உரைகள் உள்ளபடியே வரட்டும். இந்தக் கடிதத்தை நான் அனுப்பாமலே இருந்திருக்கலாம். ஆனால் அனுப்புகைப் பதிவேட்டில் எண் போட்டுவிட்டேன், எண் போட்டதை அனுப்பாமல் வைத்துக்கொள்ள எனக்குத் தெரியாது. படித்ததும் கிழித்துவிடவும். கிழிப்பதற்கு முன் தங்கள் பிரதியில் ஒரே ஒரு திருத்தம் மட்டும் செய்துகொள்ளவும்: மூன்றாவது குறிப்பு தவறு.