நிற்கும் கற்கள் பத்தொன்பது

மேட்டுவெளியில் மரம் கிடையாது, வீடு கிடையாது, காற்று மட்டும் உண்டு. அந்தக் காற்றுக்கு நடுவில் ஆதிமனிதர் வட்டமாக நட்டுவிட்டுப் போன கற்கள் நின்றன. ஒவ்வொன்றும் யானைக்குட்டி கனம். அவற்றை யாரும் மடியில் கட்டிக்கொண்டு போய்விடாமல் பார்த்துக்கொள்ள அரசாங்கம் ஒரு காவல்காரியை நியமித்திருந்தது. பதினோரு வருஷ வேலை, இன்னமும் தற்காலிகம். வேலையோடு வந்த ஓரறை வீட்டில் அவளும் மகளும் இருந்தார்கள். வேலை போனால் கூரையும் போகும்.

ஒருநாள் மேற்பார்வையாளர் கோப்போடு வந்து கல்லை எண்ணினார்.

"ஏம்மா, நிற்கும் கற்கள் பத்தொன்பதுன்னு கோப்புல இருக்கு. பதினெட்டுதான் நிக்குது?"

"ஒண்ணு அதோ படுத்திருக்கு சார்."

"எப்போ படுத்துச்சு?"

"நான் வந்தப்பவே படுத்துத்தான் கிடந்துச்சு. ஆயிரம் வருஷத்துக்கு மேல இருக்கும்னு சொல்றாங்க."

"சாட்சி இருக்கா? இல்லேன்னா உன் பணிக்காலத்துல விழுந்துச்சுன்னுதான் எழுதணும்."

கோப்பை எழுதிய புண்ணியவான் மழைக்குப் பயந்து ஜீப்பில் உட்கார்ந்தபடியே எண்ணியவர். ஆனால் கோப்பு பொய் சொல்லாது, கல்தான் சொல்லும்.

காவல்காரி படுத்த கல்லைக் கைகாட்டினாள். "நாலு பேரை விட்டுத் தூக்கி நிறுத்திடலாமே சார்?"

"பழங்காலத்துப் பொருளைத் தொடணும்னா மேலிடத்து அனுமதி வேணும். ஏழு வருஷம் ஆகும். புதுசா ஒண்ணு செஞ்சு வைக்க யார் அனுமதியும் வேண்டாம்."

மறுவாரம் கொத்தனார் வந்தார். சிமெண்டில் தூண்போல் ஒரு கல்லை வார்த்து நிறுத்தினார். அஸ்திவாரத்துக்கு ஜல்லி போதவில்லை என்று படுத்துக் கிடந்ததை உடைத்துப் போட்டார். படுத்த கல் கோப்பில் இல்லை. ஆகவே அதை உடைத்ததாகவும் யாரும் எழுதவில்லை.

அப்போதுதான் நகரத்துச் சீமாட்டிகளுக்கு, பழைய கல்லின் அதிர்வு உடம்பில் ஏறினால் மனசு லேசாகும் என்று கல்லைக் கட்டிப்பிடிக்கிற மோகம் பிறந்தது. வீட்டில் பெற்ற தாயைத் தொட்டுப் பேச நேரமில்லாதவர்கள் நாலு மணி நேரம் காரில் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடிக் கல்லை அணைத்தார்கள். சிமெண்ட் கல்லுக்குத்தான் வரிசை நீண்டது.

"இதுலதாங்க அதிர்வு ஜாஸ்தி!" என்றாள் ஒருத்தி. கன்னமெல்லாம் சிமெண்ட் தூள்.

சங்கதி பரவி ஓர் ஆராய்ச்சியாளர் வந்தார். பூதக்கண்ணாடியால் மூன்று நாள் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: "ஆதிமனிதன் எதையும் அரைகுறையா செய்யமாட்டான். நேரா, வழவழன்னு நிக்கிற இது ஒண்ணுதான் அசல். கோணல்மாணலா இருக்கிற பதினெட்டும் பின்னால யாரோ வெச்ச போலி."

காவல்காரிக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, அது போன மாசம் கொத்தனார்..."

மேற்பார்வையாளர் பெரிதாக இருமினார். ஆராய்ச்சியாளர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "என்னம்மா படிச்சிருக்கே?"

"அஞ்சாவது."

"நான் இருபத்திரண்டு வருஷம் படிச்சிருக்கேன்."

அவள் வாயை மூடிக்கொண்டாள். வீடு நிலைத்தது.

"மேற்படி போலிகளை உடனடியாக அப்புறப்படுத்துக" என்று ஆணை வந்தது. போலியைத் தொட அனுமதி எதற்கு? லாரி வந்தது. மேற்பார்வையாளர் வீட்டுத் தோட்டத்துக்கு ஆறு, ஆராய்ச்சியாளர் வீட்டு வாசலுக்கு நாலு, கொத்தனாருக்கு ஏழு. கட்டிப்பிடிக்க வந்தவர்கள் கைதட்டி வழியனுப்பினார்கள். கடைசியாக ஒன்று மிஞ்சியது.

"உனக்கு வேணுமாம்மா? வேண்டாம்னா பள்ளத்துல தள்ளிடறோம்" என்றார் மேற்பார்வையாளர்.

காவல்காரி அதைச் சுற்றி வந்தாள். ஒரு பக்கம் தட்டையாக இருந்தது.

"வீட்டுப் பின்னால போடச் சொல்லுங்க சார்."

மறுநாள் மகளுடைய பள்ளிச் சீருடையை அதில் நாலு அடி அடித்து உதறிப் பார்த்தாள். பளிச்சென்று இருந்தது.

"பழங்காலத்துக் கல்லுன்னா சும்மாவாடி!" என்றாள் மகளிடம், நுரையை வழித்து எறிந்துகொண்டே.